சம்பவ இடம்

ஜூன் 3, திங்கள்

குழந்தை ஆதிரை ஒருவழியாகத் தூங்கிவிட்டாள். என் வீட்டுக்காரருக்கு இன்று ரோந்து. வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

புது வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. அரசாங்க மானியத்தில் கட்டிய அடுக்குமாடி, மூன்று பிளாக், அத்தனையும் போலீஸ் குடும்பங்கள். எங்களுக்கு பி பிளாக்கில் நாலாவது மாடி. இரண்டு அறை, சமையலறையில் கிரானைட் மேடை, காற்று வரும் பால்கனி. இந்த வாடகைக்கு டவுனில் மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது என்று அண்ணன் சொன்னான். அதில் பாதி பெருமை, பாதி வயிற்றெரிச்சல். அம்மாவோ, இனிமேல் உனக்கு என்ன பயம், கதவைப் பூட்டக்கூட வேண்டாம் என்றாள். நான் உள்தாழ்ப்பாள், மேல்தாழ்ப்பாள் இரண்டும் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பிடிக்காத ஒன்று இருக்கிறது. பின்பக்கச் சுற்றுச்சுவரில் ஒரு லாரி நுழையும் அளவுக்கு ஓட்டை. கட்டட வேலை நடந்தபோது மணலும் ஜல்லியும் வர விட்ட வழியாம். வேலை முடிந்தும் அடைக்கவில்லை. அதற்கு அப்பால் கருவேலங்காடு, காட்டைத் தாண்டினால் தண்டவாளம். பாம்பு வரும், நாய் வரும், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அவரிடம் சொன்னேன்.

"நூத்தம்பது போலீஸ் குடியிருக்கிற எடத்துக்குள்ள எவன் வருவான் கோதை? வந்தா சரண்டர் ஆகத்தான் வருவான்" என்று சிரித்தார்.

இங்கே பெண்களுக்குப் பெயர் கிடையாது. இன்ஸ்பெக்டரம்மா, எஸ்.ஐ. வீட்டம்மா, ஏட்டம்மா. எம்.ஏ. புவியியல் படித்த நான் 'நாலாவது மாடி பி.சி. வீடு'. தரைத்தளத்து ஏட்டம்மா மட்டும் தன் பெயர் பஞ்சவர்ணம் என்று தானாகவே சொன்னார். அவர் கணவர் தர்மலிங்கம் பனையடி ஸ்டேஷன் ரைட்டர். வருகிற புகாரையெல்லாம் எழுதுவது அவர் கைதான். என் வீட்டுக்காரரும் அதே ஸ்டேஷன், கிரைம் டீம்.

ஜூன் 11, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன்.

காலையில், அவர் டூட்டிக்குப் போன பிறகு, பி பிளாக்குக்குப் பின்னால் மோட்டார் ரூம் பக்கத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆதிரை இடுப்பில். சுவர் ஓட்டை வழியாக ஒருவன் நிதானமாக நடந்து வந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் டிபன் கேரியர். யார் வீட்டுக்கோ சாப்பாடு கொண்டு வருகிறான் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, தர்மலிங்கம் ஏட்டய்யா வீடு எதுக்கா?"

திரும்பிக் கைகாட்டினேன். அவ்வளவுதான். கழுத்தில் நெருப்பு இழுத்தது போல இருந்தது. தாலிச் செயின் போய்விட்டது. அவன் ஓடுவதைப் பார்த்து ஆதிரை கைதட்டிச் சிரித்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். காட்டுக்குள்ளிருந்து பைக் கிளம்புகிற சத்தம் வந்தது. கேரியர் தரையில் கிடந்தது. காலி.

எனக்குக் கத்த வரவில்லை. பஞ்சவர்ணம் அக்காதான் எனக்கும் சேர்த்துக் கத்தினார். கொஞ்ச நேரத்தில் எத்தனை போலீஸ்! ஒருவர் துண்டோடு, ஒருவர் பாதி சவரத்தோடு, ஒருவர் தொப்பி மட்டும் இல்லாமல் முழு யூனிஃபார்மில். எல்லோரும் அந்த ஓட்டையைப் பார்த்தார்கள். அதன் வழியாக யாரும் ஓடவில்லை. தர்மலிங்கம் அண்ணன் மட்டும் என்னிடம் கேட்டார், இதை வேறு யாரிடமாவது போனில் சொல்லிவிட்டேனா என்று. விசாரணை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறேன். பஞ்சவர்ணம் அக்கா கொடுத்தது.

ஜூன் 12, புதன்

சாயங்காலம் தர்மலிங்கம் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். பனையடி இன்ஸ்பெக்டர் அய்யாவே வந்திருந்தார். நான் டீ குடிக்கிற வரைக்கும் பேச்சை எடுக்கவில்லை. அவ்வளவு மரியாதை.

"இங்க பாரும்மா கோதை, நீ என் தங்கச்சி மாதிரி" என்றார். இந்த வளாகத்தில் என் வீட்டுக்காரரைத் தவிர ஆண் ஒருவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "போலீஸ் குடியிருப்புக்குள்ளயே பூந்து செயின அத்துட்டான்னு பேப்பர்ல வந்துச்சுன்னா, நாளைக்கு ஊருக்குள்ள எவன் நம்மளுக்குப் பயப்படுவான்?"

அதனால் சம்பவம் வெளியே நடந்ததாக இருக்கட்டும் என்றார். சரி, வாசல் கேட் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் என் வீட்டுக்காரர். கேட்டில் பாரா நிற்கிற போலீஸ்காரர் சஸ்பெண்ட் ஆகிவிடுவாரே என்றார் தர்மலிங்கம் அண்ணன். அப்படியானால் கேட்டைத் தாண்டி ரோட்டோரம். அதுவும் பனையடி எல்லைதான். எல்லைக்குள் குற்றம் கூடிவிட்டது என்று மேலே கேட்பார்கள். கிரைம் டீம் என்ன பண்ணுகிறது என்றும் கேட்பார்கள். இன்ஸ்பெக்டர் அய்யா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

ரோட்டின் நடுக்கோடுதான் எல்லையாம். அந்தப் பக்கம் இருக்கிற பஸ் ஸ்டாப் நெல்லிமேடு ஸ்டேஷனைச் சேர்ந்தது. அதைச் சொன்னதும் எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு. வரைபடத்தில் ஓர் இடத்தைத் துல்லியமாகக் குறிப்பது எப்படி என்று ஒரு வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தவள் நான். ஒரே டீயில் என்னை மோட்டார் ரூமிலிருந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

"அய்யா, நான் அங்கிட்டுப் போகவே இல்லையே" என்றேன்.

"போயிருக்கலாம்லம்மா. யாரு வேணாம்னா?" என்றார் தர்மலிங்கம் அண்ணன்.

எதற்குப் போனேன் என்பதையும் அவரே கண்டுபிடித்தார். ஊரிலிருந்து மாமியார் வருகிறார். பாசமான மருமகள், பஸ் ஸ்டாப்புக்கே போய்க் காத்திருக்கிறாள். அம்மா அடுத்த மாதம்தானே வருகிறது என்று என் வீட்டுக்காரர் இழுத்தார். இன்றைக்கே வரச் சொல் என்றார் இன்ஸ்பெக்டர்.

சுவர் ஓட்டையைப் பற்றிக் கேட்டேன். கண்டிப்பாகப் பேசுவோம் என்றார்கள்.

மாடி ஏறும்போது அவர் மெதுவாகச் சொன்னார், உள்ளே நடந்ததாக எழுதினால் முதலில் தூக்குவது தன்னைத்தான் என்று. எங்கோ கடற்கரை ஸ்டேஷனுக்கு மாற்றுவார்கள். மாற்றல் வந்தால் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். பஸ் ஸ்டாப் என்று எழுதிய புகாரில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆதிரைக்குக் காற்றோட்டமான வீடு வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

மாமியார் வந்து இறங்கினார். எதற்காக வந்தோம் என்று தெரிந்ததும், "பொய் சொல்லச் சொல்றதுக்காடா இம்புட்டு தூரம் கூப்புட்ட?" என்று மகனை ஒரு பிடி பிடித்தார். அன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டேன் என்று சொன்னால் போதும் என்றார் அவர். மாமியார் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்.

ஜூன் 15, சனி

நெல்லிமேடு எஸ்.ஐ. மரியபுஷ்பம் விசாரணைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், திருநெல்வேலிப் பேச்சு. சம்பவ இடத்தைக் காட்டச் சொன்னார். ரோட்டைத் தாண்டி அழைத்துப் போனேன். அந்த பஸ் ஸ்டாப்பை நான் நன்றாகப் பார்த்ததே இன்றுதான். தகரக் கூரை, கால் உடைந்த பெஞ்சு, கண் ஆஸ்பத்திரி விளம்பரம். எங்கே நின்றீர்கள் என்றார். விளம்பரத்துக்குக் கீழே என்றேன். அவன் எந்தப் பக்கமிருந்து வந்தான் என்றார். என் கை தானாகக் குவார்ட்டர்ஸ் பக்கம் போனது. பாதியில் திருப்பி டவுன் பக்கம் காட்டினேன்.

"மாமியாரக் கூப்புட வந்திய. கைப்பிள்ளையத் தூக்கிட்டு" என்றார் அவர். "எனக்கும் ஒரு மருமவ இருக்கா. வீட்டு வாசப்படி வரைக்கும்கூட வந்தது கெடையாது."

பிறகு, தர்மலிங்கம் நன்றாக இருக்கிறாரா என்று விசாரித்தார். அவர் எழுத்து மணிமணியாக இருக்குமாம்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் யாரும் கேட்காமலே முன்னால் வந்தார். அன்று காலையில் வந்தேன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் பஸ்ஸுல இருந்து எறங்கப் போறேன் தாயி, அப்பத்தான் படக்குனு அத்துட்டுப் போனான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றார். என்ன நிறச் சட்டை என்று எஸ்.ஐ. கேட்டதற்கு, வெள்ளை என்று நான் முன்பு சொன்னதையும் மறந்து, நீலம் என்றார். கட்டம் போட்டதாம்.

எஸ்.ஐ. அதையும் எழுதிக்கொண்டார்.

ஜூன் 24, திங்கள்

குடியிருப்புப் பராமரிப்பு இன்ஜினியர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் கீழே ஓடினேன். ஓட்டையைக் காட்டினேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். சுவர் கட்ட வேண்டுமென்றால் அவசியத்தைக் காட்ட வேண்டுமாம்.

இதுவரை இந்த வழியாக ஏதாவது சம்பவம் நடந்திருக்கிறதா என்று கேட்டார்.

என் பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். பஞ்சவர்ணம் அக்கா ஜன்னலில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தர்மலிங்கம் அண்ணன்.

இல்லை என்றேன்.

நடந்தால் உடனே சொல்லுங்கள், பார்த்துவிடலாம் என்று இன்ஜினியர் கிளம்பிவிட்டார்.

துணியை இப்போது பால்கனியில்தான் காயப் போடுகிறேன். தரைத்தளத்தில் இருக்கிற பெண்களும் பின்பக்கக் கதவைத் திறப்பதில்லை. சாயங்காலத்தில் பிள்ளைகள் யாரும் மோட்டார் ரூம் பக்கம் விளையாடப் போவதில்லை. யாரும் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. ஒன்றுமே நடக்காத இடத்துக்கு எல்லோரும் பயப்படுகிறோம்.

ஜூலை 2, செவ்வாய்

பஸ் ஸ்டாப்பில் பெரிய விளக்கு போட்டுவிட்டார்கள். கேமராவும். நெல்லிமேடு ஸ்டேஷன் ஏற்பாடு.

ஜூலை 5, வெள்ளி

பஸ் ஸ்டாப்பில் இனி காலையும் மாலையும் ஒரு பெண் போலீஸ் நிற்பாராம். பெஞ்சுக்கும் கால் வைத்துவிட்டார்கள்.

ஓட்டை அப்படியே இருக்கிறது. இன்று அதன் வழியாக ஒரு எருமை வந்தது. எஸ்.ஐ. வீட்டம்மாவின் துளசிச் செடியைத் தின்றுவிட்டுப் போயிற்று.

ஜூலை 14, ஞாயிறு

சமுதாயக் கூடத்தில் மகளிர் விழிப்புணர்வுக் கூட்டம். இன்ஸ்பெக்டரம்மா தலைமை. பாதிக்கப்பட்டவள் என்ற முறையில் நான் பேச வேண்டுமாம். மாட்டேன் என்றேன். அய்யா சொன்னார்கள் என்றார் என் வீட்டுக்காரர். போனேன்.

முதலில் பெயரையும் பிளாக்கையும் மட்டும் சொன்னேன். பிறகு என்ன ஆனதோ தெரியவில்லை, கல்லூரியில் பாடம் எடுப்பது போல வந்துவிட்டது. முன்பின் தெரியாதவன் வழி கேட்டால் முதுகைக் காட்டாதீர்கள், பஸ் ஸ்டாப்பில் விளம்பரத் தட்டியோடு ஒட்டி நிற்காதீர்கள், பின்னால் ஒதுங்க இடம் இருக்காது, அன்று எனக்கு அதுதான் நடந்தது என்றேன். நல்ல கைதட்டல். நாம் உள்ளே இருக்கும்வரை கவலையில்லை, வெளியே போகும்போதுதான் நகையைக் கழற்றி வைக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டரம்மா முடித்து வைத்தார்.

கீழே இறங்கி வந்ததும் பஞ்சவர்ணம் அக்கா என் காதில் சொன்னார்: "நேர்ல பாத்த மாதிரியே சொன்னடி."

ஜூலை 22, திங்கள்

மழை. ஆதிரைக்குச் சளி, நெஞ்சில் கொர் கொர் என்கிறது. டவுன் டாக்டரிடம் பஸ்ஸில் போய்விடலாம் என்றுதான் கிளம்பினேன். செயின் போன இடத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்க மனம் வரவில்லை. ஆட்டோ பிடித்தேன். சாதாரணச் சளிதான் என்றார் டாக்டர். இரவு ஆவி பிடித்தோம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பிடித்துவிட்டார்கள்!

பெயர் பாலகுரு. டவுனில் ஒரு டீச்சரிடம் பறித்துக்கொண்டு பைக்கில் இந்த ரோடு வழியாகப் போயிருக்கிறான். பஸ் ஸ்டாப் கேமராவில் வண்டி எண் விழுந்துவிட்டது. என்னிடம் பறித்ததையும் ஒப்புக்கொண்டானாம். செயின் அப்படியே இருக்கிறது, தாலிகூடக் கழற்றாமல்.

என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கு பஸ் ஸ்டாப் என்று எழுதப் போய்த்தானே அங்கே கேமரா வந்தது, கேமரா வந்ததால்தானே அவன் சிக்கினான், எல்லாம் இன்ஸ்பெக்டர் அய்யாவின் முன்யோசனை என்றார். ஒரு கணம் எனக்கும் சரியாகத்தான் பட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நெல்லிமேடு ஸ்டேஷனுக்கு நானும் மாமியாரும் போனோம், செயினையும் ஆளையும் அடையாளம் காட்ட. செயினைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். கோர்ட்டில்தான் திரும்பக் கொடுப்பார்களாம்.

அவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். சொந்தக்காரனைப் போல ஒரு முகம்.

"அக்கா, நல்லாயிருக்கீங்களா? பாப்பா நடக்குதா?"

நான் மாமியார் பக்கம் நகர்ந்து நின்றேன்.

"நீங்களே சொல்லுங்கக்கா. மோட்டார் ரூம்புகிட்ட துணி காயப் போட்டுட்டு இருந்தீங்கள்ல? இவங்க பஸ் ஸ்டாப்புன்னு எழுதிருக்காங்க. பஸ் ஸ்டாப்புல எவன் வேணா அத்துருவான்க்கா. போலீஸ் குவார்ட்டர்ஸுக்குள்ள பூந்து அத்தவன் நான் ஒருத்தன்தான். அத எழுத மாட்டேங்கறாங்க."

அவன் குரலில் நிஜமான மனத்தாங்கல் இருந்தது. ஒரு ஏட்டு அவன் தோளில் தட்டி உட்கார வைத்தார். மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் சொல்லாதடா களவாணிப் பயலே. நான் பஸ்ஸுல இருந்து பாத்தேன். கட்டம் போட்ட நீலச் சட்ட" என்றார். அவன் மாமியாரை மேலும் கீழும் பார்த்தான். இந்தம்மா யாருக்கா என்று என்னிடம் கேட்டான்.

பிறகு அவன் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கூட்டாளிகள் இரண்டு பேர் அவனை நம்பவில்லையாம், போலீஸ் குடியிருப்புக்குள் போனதாகப் பீற்றிக்கொள்கிறான் என்றார்களாம். "அந்த வழி இன்னும் தொறந்துதான் கெடக்கு, போய்ப் பாத்துட்டு வாங்கடான்னு சொல்லிருக்கேன்" என்றான்.

மாமியாரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு எஸ்.ஐ. மரியபுஷ்பத்தை வெளியே கூப்பிட்டேன். ஒதுக்குப்புறமாக, பிடித்து வைத்த பைக்குகள் நிற்கிற இடத்தில், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சொல்வதுதான் உண்மை என்றேன்.

"தெரியும்மா. அன்னைக்கே தெரியும்" என்றார்.

அப்புறம் ஏன் ஏற்றுக்கொண்டீர்கள் என்றேன். வேண்டாமென்றுதான் பார்த்தாராம், மேலேயிருந்து போன் வந்ததாம்.

"அப்பம் எனக்கு வேண்டாத கேசு. இப்பம் நான் புடிச்ச கேசு. நீங்க உள்ளதான் நடந்திச்சுன்னு சொன்னா, ஃபைலோட ஆளு பனையடிக்குப் போவான். நான் ராத்திரி பகலா அலைஞ்சு புடிச்ச கள்ளன தர்மலிங்கம் கையில தூக்கிக் குடுக்கவா?"

ஆக, உண்மையைச் சொல்ல நான் தயாராகிவிட்ட நேரத்தில் அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஆதிரை அந்த நேரத்தில் வீட்டில் பஞ்சவர்ணம் அக்காவோடு இருந்தாள். அந்த இரண்டு பேர் இன்றைக்கே வந்துவிட்டால் என்ற நினைப்பு வந்தது.

"கோர்ட்டுல கேட்டாங்கன்னா, மோட்டார் ரூம்புன்னு சொல்லிருவேன் மேடம்" என்றேன்.

"உங்க வீட்டுக்காரரு வேலையில இருக்காரும்மா."

"தெரியும்."

அவர் ஒரு பைக்கின் சீட்டில் படிந்த தூசியை விரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். "உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

"செவுரு" என்றேன்.

ஆகஸ்ட் 7, புதன்

அவர் சாப்பிடவில்லை. ஒரு சுவருக்காக இரண்டு ஸ்டேஷனை மிரட்டியவள் என்று என்னை வைகிறார். வீட்டைக் காலி பண்ண வைத்துவிடுவாய் என்கிறார். காலி பண்ணினாலும் பிள்ளையோடு காலி பண்ணுவோம் என்றேன்.

மாமியார் வேறு மாதிரி வருத்தத்தில் இருக்கிறார். "நீ உள்ளன்னு சொல்லிட்டீன்னா, நான் கண்ணால பாத்தது என்னாகுறது? என்னையப் பொய்க்காரிங்கிறியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தர்மலிங்கம் அண்ணன் படியேறி வந்தார். மூச்சு வாங்க, ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பம் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சுவர் கட்டினார்கள். செங்கல் நெல்லிமேடு பக்கம், சிமென்ட் பனையடி பக்கம். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. இரண்டு ஸ்டேஷன்காரர்களும் சேர்ந்து செய்த முதல் வேலை இதுதான் என்று பஞ்சவர்ணம் அக்கா சொன்னார். கொத்தனார்கள் இரண்டு பேர், மற்றபடி எல்லாம் போலீஸ். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் கலவை சுமந்தார். மதியத்துக்குள் சுவர் அவருடைய யோசனையாகவே ஆகிவிட்டது. இன்னும் ரெண்டு வரிசை ஏத்தணும்டா, எவனும் ஏறக்கூடாது என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, எந்த நாயும் ஏறக்கூடாது என்று திருத்திக்கொண்டார்.

நாய்த் தொல்லை என்றுதான் முடிவாகியிருந்தது. இன்ஸ்பெக்டர் அய்யா ஒரு கரண்டி சாந்து எடுத்து வைத்தார், போட்டோ எடுத்தார்கள். குழந்தைகள் நலனுக்காகக் காவலர்களின் விடுமுறைநாள் சேவை என்று பேப்பரில் வருமாம். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

இருட்டுகிற நேரத்தில் பிள்ளைகள் மோட்டார் ரூம் பக்கம் ஓடினார்கள். ஆதிரையும் தத்தித் தத்தி அவர்கள் பின்னால் போனாள். நான் கூடவே போகவில்லை. படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 20, புதன்

இன்று கோர்ட்.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். சம்பவம் எங்கே நடந்தது என்று அரசு வக்கீல் கேட்டார். பஸ் ஸ்டாப்பில், கண் ஆஸ்பத்திரி விளம்பரத்துக்குக் கீழே என்றேன். மாமியாரை எதிர்பார்த்து நின்றேன், பிள்ளை இடுப்பில் இருந்தது, டவுன் பக்கமிருந்து வந்து பறித்துக்கொண்டு போனான். எதிலும் தடுமாறவில்லை. பிறகு மாமியார் ஏறினார். வெற்றிலை போடாமல் வரச் சொல்லியிருந்தோம், போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். நீலக் கட்டத்தில் இப்போது வெள்ளைக் கோடும் சேர்ந்திருந்தது. டிரைவர் பிரேக் போட்ட சத்தம்கூட இருந்தது.

பாலகுருவுக்கு வக்கீல் வைக்க வசதியில்லை, இலவசமாகக் கோர்ட்டே ஒருவரை நியமித்திருந்தது. அவர் எதையும் கேட்கவில்லை. அவன் தானாகக் கையைத் தூக்கினான். நீதிபதி என்னவென்று கேட்டார்.

"அய்யா, செயின நான்தான் அத்தேன், ஒத்துக்கறேன். தண்டன குடுங்க. ஆனா எடம் அது இல்லைய்யா. குவார்ட்டர்ஸுக்குள்ளதான் அத்தேன். நான் போன வழிய இப்ப செவுரு வச்சு அடைச்சிருக்காங்க. பஸ் ஸ்டாப்புல அத்ததுக்கு அங்க எதுக்குய்யா செவுரு? அந்தக்காவக் கேளுங்க."

எஸ்.ஐ. மரியபுஷ்பம் தரையைப் பார்த்தார். தர்மலிங்கம் அண்ணன் வாசல் பக்கம் நகர்ந்தார். என் வீட்டுக்காரரை நான் பார்க்கவில்லை.

"என்னம்மா, செவுரு கட்டினாங்களா?" என்று நீதிபதி என்னைக் கேட்டார்.

இதற்கு யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"ஆமாங்கய்யா. நாய்த் தொல்லை" என்றேன். கூடவே, போன ஜூலையில் ஒரு எருமைகூட வந்தது, எஸ்.ஐ. வீட்டுத் துளசியைத் தின்றுவிட்டது என்றேன்.

யாரோ சிரித்தார்கள். நீதிபதியும் லேசாகச் சிரித்தார். எருமை வந்தது உண்மைதான். அந்த ஓர் உண்மையை வைத்து மற்றதையெல்லாம் ஓட்டிவிட்டேன். பாலகுரு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. தொழில் தெரிந்த ஒருவன் இன்னொருவனைப் பார்க்கிற பார்வை அது. தண்டனை விவரம் கேட்க நான் நிற்கவில்லை. செயினை வாங்கிக்கொள்ள உத்தரவு கிடைத்ததும் வெளியே வந்துவிட்டேன்.

நீ டிபார்ட்மென்ட்டில் இருந்திருக்க வேண்டியவள் என்று அவர் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு பெருமையாக என்னைப் பார்த்ததில்லை. அவருக்கு ஸ்டேஷனில் வேலை இருந்தது. நானும் மாமியாரும் பஸ்ஸில் திரும்பினோம். கோர்ட் வாசலிலேயே மாமியார் செயினை என் கழுத்தில் போட்டுவிட்டிருந்தார். வழி முழுக்க, பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் தான் பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் நிறுத்தம் வந்ததும் ஜன்னல் வழியாக அவளுக்கு இடத்தைக் காட்டினார்.

இறங்கினோம். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கேமரா இருந்தது. பெண் போலீஸ் நின்றிருந்தார், என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். கல்யாணத்துக்குப் போகிற பெண்கள் சிலர் கழுத்து நிறைய நகையோடு பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்திலேயே பயமில்லாத இடம் அதுதான்.

என் கை செயினை இறுகப் பிடித்திருந்தது. முதுகில் வேர்த்துவிட்டது. மாமியாரை விட்டுவிட்டு, வண்டி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டி ஓடிவந்து கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் மூச்சு வந்தது.

இதை எழுதும்போதும் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், அந்த பஸ் ஸ்டாப்பில் ஒன்றுமே நடக்கவில்லை என்று. அதற்குச் சாட்சி சொல்ல இனி என் பக்கத்தில் யாரும் இல்லை.